பல்லுறுப்புக் கோவை வீட்டுப்பாடம்: எந்த வரியில் இடறியது என்று கண்டுபிடிப்பது எப்படி

"மிஸ், விடை வரல" என்று சொல்லி நோட்டை நீட்டும் பிள்ளைக்கு உதவுவது கஷ்டம். "மிஸ், மூணாவது வரி வரைக்கும் சரியா இருக்கு, அதுக்கப்புறம் இடிக்குது" என்று வரும் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும். ட்யூஷனில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் முதலில் பழக்குவது இதைத்தான்: உதவி கேட்பதற்கு முன்னால், இடறிய வரியை நீயே தேடு.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 2எக்ஸ்³ − 7எக்ஸ் + 4 என்பதை எக்ஸ் + 3 ஆல் வகுக்க வேண்டும். இதில் எக்ஸ்² உறுப்பு இல்லை. ஆனால் அதற்கான இடம் இருக்கிறது. அங்கே 0 போட்டு, கெழுக்களை (எக்ஸுக்கு முன்னால் நிற்கும் எண்களையும் கடைசியில் தனியாக நிற்கும் எண்ணையும்) 2, 0, −7, 4 என்று எழுத வேண்டும். தொகுமுறை வகுத்தலில், அதாவது கெழுக்களை மட்டும் வைத்துச் செய்யும் சுருக்க வழியில், எக்ஸ் + 3 ஐப் பூஜ்யமாக்கும் −3 ஐ வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கீழே வந்த எண்ணை −3 ஆல் பெருக்கி அடுத்த கெழுவோடு கூட்ட வேண்டும். 2 அப்படியே இறங்கும். 0 உடன் −6 சேர்ந்தால் −6. −7 உடன் 18 சேர்ந்தால் 11. 4 உடன் −33 சேர்ந்தால் −29. ஆக ஈவு 2எக்ஸ்² − 6எக்ஸ் + 11, மீதி −29.

அந்த 0 ஐ விட்டுவிட்டால் 2, −7, 4 என்று மூன்றே எண்கள்தான் இருக்கும். ஈவு 2எக்ஸ் − 13, மீதி 43 என்று வரும். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் படியை, அதாவது எக்ஸின் மிகப் பெரிய அடுக்கைப் பாருங்கள். மூன்று படியுள்ள கோவையை ஒரு படியுள்ளதால் வகுத்தால் ஈவின் படி 2 ஆக வேண்டும். இங்கே 1 தான் வந்திருக்கிறது. அப்படியென்றால் ஓர் இடம் விட்டுப்போயிருக்கிறது.

நீள் வகுத்தலில் போட்டால் இடறும் இடம் வேறு. அங்கே கழித்தல் குறிதான் வம்பு. இதே கணக்கில் −7எக்ஸ் இலிருந்து −18எக்ஸ் ஐக் கழிக்கும் கட்டம் ஒன்று வரும். விடை 11எக்ஸ். நிறைய பேர் −25எக்ஸ் என்று எழுதுவார்கள். கழிக்க வேண்டிய வரி முழுவதற்கும் பென்சிலால் குறியை மாற்றி எழுதிவிட்டு, பிறகு கூட்டுங்கள். மனக்கணக்கில் மாற்றவே வேண்டாம்.

சரி, விடை சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வகுத்தியையும் ஈவையும் பெருக்கி மீதியைக் கூட்டினால் பழைய கோவை திரும்பக் கிடைக்க வேண்டும். முழுதாகப் பெருக்க நேரமில்லையென்றால் எக்ஸுக்கு ஓர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 2 போட்டால் மூலக் கோவை 16 − 14 + 4 = 6. இந்தப் பக்கம் வகுத்தி 5, ஈவு 8 − 12 + 11 = 7, ஐந்தேழு முப்பத்தைந்து, அதில் 29 போனால் 6. பொருந்திவிட்டது. தவறான விடையில் 5 × (−9) + 43 = −2 வரும், உடனே மாட்டிக்கொள்ளும்.

எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது 0, 1 இரண்டையும் தவிருங்கள். 1 ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1 தான், 0 ஐப் பெருக்கினாலும் 0 தான். அதனால் படி மாறிப்போன தவறு அவற்றில் தெரியாது. மேலே சொன்ன தவறான விடைக்கே 1 போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் −1 என்று வந்து பொருந்துவதுபோலவே காட்டும்!

பெற்றோருக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு அல்ஜிப்ரா மறந்துபோயிருக்கலாம், படித்தே இல்லாமலும் இருக்கலாம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். "எக்ஸுக்கு 2 போட்டு ரெண்டு பக்கமும் காட்டு" என்று பிள்ளையிடம் கேளுங்கள். அதுவே பெரிய உதவி.

பத்தாம் வகுப்பின் விகிதமுறு கோவைக்கும் (மேலும் கீழும் பல்லுறுப்புக் கோவை உள்ள பின்னத்துக்கும்) இதே சோதனை செல்லும். மேலே எக்ஸ்² − 9, கீழே எக்ஸ்² + எக்ஸ் − 6 என்று இருந்தால், இரண்டு எக்ஸ்² ஐயும் அடித்துவிட்டு −9 / (எக்ஸ் − 6) என்று எழுதுவதைப் பார்க்கிறேன். 4 போட்டால் மூலம் 7/14, அதாவது அரை. அடித்து எழுதிய விடையோ நாலரை. கூட்டலில் நிற்கும் உறுப்பை அடிக்கக் கூடாது, பெருக்கலில் நிற்கும் காரணியைத்தான் அடிக்கலாம். காரணிப்படுத்தினால் எக்ஸ் + 3 இரண்டிலும் பொது. அது போனபின் மிஞ்சுவது (எக்ஸ் − 3) / (எக்ஸ் − 2). விலக்கப்பட்ட மதிப்புகளாக, அதாவது கீழே உள்ளதைப் பூஜ்யமாக்குவதால் எக்ஸுக்குப் போடக் கூடாத எண்களாக, 2, −3 இரண்டையும் மூலத்தின் பகுதியை (கீழே உள்ள கோவையை) பார்த்தே எழுதுங்கள், சுருக்கியபின் −3 கண்ணில் படாது.

ஃபோட்டோமேத், ஜியோஜீப்ரா போன்ற கணக்கு ஆப்களில் போட்டுப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதலில் உங்கள் நோட்டில் போட்டு முடியுங்கள். படம் எடுத்தால், ஆப் கேள்வியைச் சரியாகப் படித்திருக்கிறதா, குறிகள், அடுக்குகள் எல்லாம் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் அது காட்டும் வரிகளை உங்கள் வரிகளோடு ஒன்றொன்றாக ஒப்பிடுங்கள். எங்கே முதலில் வேறுபடுகிறதோ அந்த வரியை வட்டமிட்டுக்கொண்டு டீச்சரிடம் போங்கள்.