மல்லாட்டை (நிலக்கடலை) இலையை வைத்து ஏஐ சொல்லிக்கொடுப்பது எப்படி?

வேளாண் அலுவலர்களுக்கும் உரக்கடைக்காரர்களுக்கும் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) பற்றி வகுப்பெடுக்கச் சொன்னால், முதலில் ஸ்லைடுகளை மூடி வையுங்கள். நான் முதல் தடவை வேலூரில் வட்டமும் கோடுமாகப் படம் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன். டீ வந்தபோதுதான் பாதிப் பேர் கண் திறந்தார்கள். அதற்கப்புறம் மாற்றிக்கொண்ட முறை இது. அரை நாள் போதும்.

முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: ஆளுக்கு இரண்டு நோய் இலை, ஒரு நல்ல இலை கொண்டுவர வேண்டும். என்ன ரகம், விதைத்து எத்தனை நாள் என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளட்டும். மல்லாட்டை, நெல், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்திரி, எதுவானாலும் சரி.

படி 1: பொய்கைத் தரகர்

வேலூர் பக்கம் செவ்வாய்க்கிழமை கூடும் பொய்கை மாட்டுச் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து, நாலடி நடக்கவிட்டு விலை சொல்லும் தரகரை எல்லோருக்கும் தெரியும். அவருக்கு யாரும் விதி எழுதிக் கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான மாடுகளைப் பார்த்துப் பழகிய கண். படம் பார்த்து நோய் சொல்லும் ஏஐயும் அப்படித்தான் பழகுகிறது. இப்போது அவர் முன்னால் ஒரு ஒட்டகத்தை நிறுத்துங்கள். தரகராவது "எனக்குத் தெரியாதுப்பா" என்று நகர்ந்துவிடுவார். இயந்திரம் பெரும்பாலும் அதற்கும் ஒரு விலை சொல்லும். இந்த வித்தியாசம் புரிந்தால் வகுப்பில் பாதி முடிந்தது.

படி 2: ஒரே இலை, மூன்று படம்

இலைப் படத்தைப் பார்த்து நோய் சொல்லும் பிளான்டிக்ஸ் போன்ற ஒரு செயலியில் அதே இலையை மூன்று விதமாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள்: வெள்ளைத் தாளின் மேல் வைத்து ஒன்று, ஜன்னலோரம் கையில் பிடித்து ஒன்று, இலையைத் திருப்பி அடிப்பக்கம் ஒன்று. பதில்களைப் பலகையில் எழுதுங்கள். சில இலைகளுக்கு மூன்றும் ஒத்துப்போகாது. அங்கேதான் சத்தம் கிளம்பும். கிளம்பட்டும், அடக்காதீர்கள்.

சத்தம் அடங்கியதும் இதைச் சொல்லுங்கள். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் 54,306 இலைப் படங்களைக் காட்டி 14 பயிர்கள், 26 நோய்களுக்கு ஒரு கணினியைப் பழக்கினார்கள். அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்திருந்த படங்களில் 99.35 சதவீதம் சரி. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது 31 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். அந்த 14 பயிர்களில் ஆப்பிள் உண்டு, திராட்சை உண்டு, தக்காளி உண்டு. நெல் இல்லை, மல்லாட்டை இல்லை, கத்திரியும் இல்லை. இன்றைய செயலிகள் அதைவிட நிறையப் பார்த்திருக்கும். இருந்தாலும் "எந்த ஊர் இலையைப் பார்த்துப் பழகியது?" என்ற கேள்வியை விடாதீர்கள்.

அடிப்பக்கம் ஏன் என்று கேட்பார்கள். மல்லாட்டைத் துரு நோயில் ஆரஞ்சுக் கொப்புளங்கள் இலையின் அடியில்தான் நன்றாகத் தெரியும். மேலே மட்டும் பார்த்தால் டிக்கா என்னும் இலைப்புள்ளி நோயோடு குழம்பலாம்.

படி 3: மருந்து அளவு

ஒரு உரையாடல் ஏஐயிடம் மருந்து அளவு பற்றிய ஒரே கேள்வியை மல்லாட்டை, மணிலா, நிலக்கடலை என்று மூன்று பெயரிலும் கேளுங்கள். வட்டார வழக்கு அதற்கு எவ்வளவு புரிகிறது என்று தெரிந்துவிடும். பிறகு வருகிற அளவு ஏக்கருக்கா, எக்டருக்கா என்று பாருங்கள். ஒரு எக்டர் 2.47 ஏக்கர், எக்டர் அளவை ஏக்கருக்கு என்று படித்தால் மருந்து இரண்டரை மடங்காகிவிடும். டப்பா லேபிளோடு ஒத்துப் பார்க்காமல் எந்த எண்ணையும் விவசாயியிடம் சொல்லக் கூடாது. சந்தேகம் இருந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுவிடலாம்.

விவசாயியின் ஆதார், சிட்டா எதையும் ஏஐயில் ஏற்ற வேண்டாம்.

படி 4: சொல்லிப் பழகுவது

இரண்டிரண்டு பேராக உட்காரட்டும். ஒருவர் விவசாயி.

"இன்னா சார், போனு இன்னா சொல்லுது?"

"டிக்கா மாதிரி இருக்குன்னு சொல்லுதுண்ணா. ஆனா அது பார்த்தது இந்த ஒரு இலையைத்தான். வாங்க, நாலு செடி திருப்பிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

"கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு" என்று ஆரம்பிப்பவரை நிறுத்தி மறுபடி சொல்லச் சொல்லுங்கள். எனக்கு இதற்குத்தான் எப்போதும் நேரம் போதாது. படி 1-ஐச் சுருக்கியாவது இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

போகும்போது ஆளுக்கொரு நோட்டு: தேதி, செயலி சொன்னது, வயலில் கடைசியில் தெரிந்தது. ஒரு மாதம் கழித்து அந்த நோட்டுகளோடு திரும்பக் கூடுங்கள்.