சீருடையில் நிற்கும் பெண் எந்தப் படையில் இருந்தார்? பழைய புகைப்படத்தைக் கொண்டு கண்டறியும் முறை

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பெண்கள் படையொன்றில் பணியாற்றியவரின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் கையில் கிடைத்தால், சீருடையின் நிறத்தை ஊகிப்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். தரைப்படையின் துணைப்பிரிவான ஏ.டி.எஸ். அணிந்த காக்கியும், விமானப்படைப் பிரிவான வாஃப் அணிந்த சாம்பல் நீலமும் படத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். ஆகவே ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு தொப்பியில் தொடங்கி, தோள், மார்பு, மணிக்கட்டு என்று கீழே இறங்கி வாருங்கள்.

தொப்பிச் சின்னத்தில் கிரீடமும், அதன் கீழே இலை வளையத்துக்குள் ஏ, டி, எஸ் என்ற எழுத்துகளும் இருந்தால், அவர் 1938-இல் தொடங்கப்பட்ட ஏ.டி.எஸ். பிரிவினர். மேற்கையில் கழுகும் அதன் அடியில் 'ஏ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தும் தைக்கப்பட்டிருந்தால் வாஃப். படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க இந்த 'ஏ' உதவாது. திருப்பினாலும் அது அப்படியேதான் இருக்கும். ஏ.டி.எஸ். சின்னத்தின் கடைசி எழுத்தான 'எஸ்' அப்படியல்ல, உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பலரும் தவறுவது மார்புச் சின்னத்தில்தான். தாம் இணைந்து பணியாற்றிய படைப்பிரிவின் சின்னத்தை இடது மார்புப் பையின் மேல் அணிய ஏ.டி.எஸ். பெண்களுக்கு அனுமதி இருந்தது. விமான எதிர்ப்புப் பீரங்கி அணிகளில் இருந்தவர்கள் பீரங்கிப் படையின் தீக்குண்டுச் சின்னத்தை அங்கே குத்தியிருந்தார்கள். அதை மட்டும் பார்த்துவிட்டு, யாரோ ஓர் ஆண் உறவினரின் நினைவாக அணிந்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

இரட்டை வரிசைப் பொத்தான் வைத்த கருநீல மேற்சட்டை, வெள்ளைச் சட்டை, கறுப்பு டை என்றிருந்தால் கடற்படையின் பெண்கள் பிரிவான ரென்ஸ். இங்கே காலத்தையும் கணிக்கலாம்: சாதாரண நிலையினர் முதலில் அகன்ற விளிம்புள்ள மென்தொப்பி அணிந்தார்கள், 1942-இல் மாலுமிகளுடையதைப் போன்ற வட்டத் தொப்பி அதன் இடத்துக்கு வந்தது. அதிகாரியானால் தொப்பி மும்முனையாக மடிந்திருக்கும். மணிக்கட்டுப் பட்டை ஆண் அதிகாரிகளுடையதைப் போலத் தங்கநிறமாக இல்லாமல் நீலமாகவும், அதன் வளையம் வட்டமாக இல்லாமல் வைர வடிவாகவும் இருக்கும்.

இந்தியாவில் 1942-இல் உருவான பெண்கள் துணைப்படையிலும் அதன் கடற்படைப் பிரிவிலும் சேலையும் சீருடையாக இருந்தது. 1945-இல் பிரிட்டனுக்குச் சென்ற கடற்படை அதிகாரி கல்யாணி சென்னும் சேலையில்தான் இருந்தார். எனவே சேலை கட்டிய படத்தைச் சாதாரண உடை என்று ஒதுக்கும் முன், தோள்பட்டையில் சின்னம் ஏதும் இருக்கிறதா என்று லென்ஸை ஒருமுறை வைத்துப் பாருங்கள்.