கேட் மாதிரியிலிருந்து புகைப்படம் போன்ற படம் வரை: ஃபிரீகேட், பிளெண்டர், கிம்ப் வழியாக ஒரு செய்முறை

கேட் (கணினிவழி வடிவமைப்பு) மென்பொருளில் ஒரு பாகத்தை வரைந்து முடித்ததும் திரையில் தெரியும் படம், அளவுகளையும் பொருத்தங்களையும் சரிபார்க்கப் போதுமானது. வாடிக்கையாளருக்கு அனுப்பும் விலைப்புள்ளியிலோ விற்பனைப் பக்கத்திலோ அதை வைக்க இயலாது. அங்கே தேவைப்படுவது, இன்னும் தயாரிக்கப்படாத பொருளை ஏற்கெனவே மேசைமேல் வைத்துப் புகைப்படம் எடுத்ததுபோன்ற ஒரு படம். பாகத்தை வரைய ஃபிரீகேட், அதைப் படமாக்க பிளெண்டர், படத்தைத் திருத்த கிம்ப் என இலவசமாகக் கிடைக்கும் மூன்று மென்பொருள்களைக் கொண்டே அதை உருவாக்கலாம். இந்த விளக்கம் ஃபிரீகேட் 1.0, பிளெண்டர் 4.2, கிம்ப் 3.0 ஆகிய பதிப்புகளை அடிப்படையாகக் கொண்டது.

எடுத்துக்காட்டாக ஓர் எளிய பாகத்தை எடுத்துக்கொள்வோம்: 80 மி.மீ. நீளமும் 50 மி.மீ. உயரமும் 6 மி.மீ. தடிமனும் கொண்ட எல் வடிவ அலுமினியப் பிராக்கெட், அதில் இரண்டு எம்6 ஆலன் போல்ட்டுகள், கையால் திருகுவதற்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் நாப். அலுமினியம், எஃகு, பிளாஸ்டிக் என ஒளியை மூன்று விதமாகக் கையாளும் பொருள்கள் இதில் இருப்பதால் பயிற்சிக்கு இது ஏற்றது.

படி 1: கேட் கோப்பிலேயே செய்ய வேண்டியது

ரெண்டர், அதாவது மாதிரியிலிருந்து கணினி உருவாக்கும் படம், செயற்கையாகத் தெரிவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் விளிம்புகளே. கேட் மாதிரியில் இரண்டு முகங்கள் சந்திக்கும் இடம் தடிமனே இல்லாத ஒரு கோடு. பட்டறையில் மில்லிங் செய்து பிசிறு நீக்கிய உண்மையான பாகத்திலோ, அந்த இடத்தில் 0.2 முதல் 0.5 மி.மீ. வரை ஒரு சிறு மழுங்கல் இருக்கும். விளக்கின் ஒளி அந்த மழுங்கலில் பட்டு மெல்லிய வெண்கோடாக மின்னுகிறது. அந்தக் கோடு இல்லாத படத்தைப் பார்ப்பவருக்கு, காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், இது கணினியில் செய்தது என்பது உடனே புரிந்துவிடும்.

ஆகவே கோப்பை வேறொரு பெயரில் சேமித்துக்கொண்டு, வெளி விளிம்புகள் அனைத்துக்கும் 0.3 மி.மீ. ஃபில்லட் (விளிம்பை மழுக்கும் வளைவு) கொடுங்கள். வேறு பெயரில் சேமிப்பது கட்டாயம்; படத்துக்காகச் சேர்த்த ஃபில்லட்டுகள் தயாரிப்புக் கோப்பில் நுழைந்துவிட்டால், மில்லிங் இயந்திரத்தை இயக்குபவர் அவற்றையும் வெட்ட வேண்டியவை என்றே எடுத்துக்கொள்வார். போல்ட்டுகளை ஃபாஸ்டனர்ஸ் என்ற கூடுதல் தொகுதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எம்6 ஆலன் போல்ட்டின் தலை விட்டம் 10 மி.மீ., தலை உயரம் 6 மி.மீ., சாவிக்குழி 5 மி.மீ. என்பதை ஒருமுறை சரிபாருங்கள். துளைக்குள் மறையும் மரைகளை வரையத் தேவையில்லை.

படி 2: மெஷ்ஷாக மாற்றுதல்

கேட் மென்பொருள் வளைவுகளைக் கணிதச் சமன்பாடுகளாக வைத்திருக்கிறது. பிளெண்டருக்கு முக்கோணங்களால் ஆன மெஷ் தேவை. ஃபிரீகேடின் மெஷ் பணிமேடையில் வடிவத்திலிருந்து மெஷ் உருவாக்கும் கட்டளையைத் திறந்தால், மேற்பரப்பு விலகல், கோண விலகல் என்ற இரண்டு எண்கள் கேட்கப்படும்; மெஷ் அசல் வளைவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதை இவை சொல்கின்றன. கோண விலகல் 30 பாகையாக இருந்தால் ஒரு வட்டம் 12 பக்கங்கள் கொண்ட பலகோணமாகிவிடக்கூடும். 5 பாகையாகக் குறைத்தால் 72 பக்கங்கள் கிடைக்கும். மேற்பரப்பு விலகலை 0.01 மி.மீ. ஆக வையுங்கள். பிராக்கெட், போல்ட், நாப் ஒவ்வொன்றையும் தனித்தனி எஸ்டிஎல் (மெஷ்ஷைச் சேமிக்கும் கோப்பு வடிவம்) கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்தால், பிறகு பொருள் வாரியாகப் பிரிப்பது வீண் வேலையாகும்.

படி 3: பிளெண்டரில் அளவைச் சரிசெய்தல்

எஸ்டிஎல் கோப்பில் எண்கள் மட்டுமே உண்டு, அலகு கிடையாது. 80 என்ற எண்ணை ஃபிரீகேட் மில்லிமீட்டர் என்ற பொருளில் எழுதுகிறது. பிளெண்டர் அதை மீட்டராக வாசிக்கிறது. இறக்குமதிச் சாளரத்தில் ஸ்கேல் மதிப்பை 0.001 என மாற்றாவிட்டால் உங்கள் பிராக்கெட் 80 மீட்டர் நீளமான கட்டடமாகிவிடும். திரையில் வேறுபாடு தெரியாது என்பதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கேமராவின் குவிய ஆழம், விளக்கின் வலிமை, விளிம்பு மழுங்கலின் ஆரம் ஆகிய அனைத்தும் இந்த அளவையே நம்பியிருக்கின்றன. விசைப்பலகையில் உள்ள N எழுத்தை அழுத்தினால் வரும் பக்கப் பலகத்தில் நீளம் 0.08 மீ. என்று காட்டினால் சரி. பிறகு கன்ட்ரோல் விசையுடன் ஏ விசையை அழுத்தி ஸ்கேலை நிலைப்படுத்திக்கொள்ளுங்கள்.

சிறிய பொருள்களில் இன்னொரு சிக்கலும் வரும். கேமராவின் கிளிப் ஸ்டார்ட் மதிப்பு இயல்பாக 0.1 மீ.; அதாவது கேமராவுக்கு 10 செ.மீ. தொலைவுக்குள் இருப்பது எதுவும் படத்தில் வராது. அதை 0.001 மீ. ஆக்குங்கள்.

அடுத்து, பொருளின்மேல் வலது சொடுக்கு செய்து ஷேட் ஆட்டோ ஸ்மூத் என்பதைத் தேர்ந்தெடுத்தால் வட்டங்களின் பட்டைகள் மறையும். அதே நேரத்தில், ஃபில்லட் உள்ள இடங்களுக்கு அருகே தட்டையான முகங்களில் அழுக்குப் படிந்தாற்போல நிழல் தோன்றக்கூடும். மெஷ்ஷின் நீண்ட முக்கோணங்களே இதற்குக் காரணம். வெயிட்டட் நார்மல் என்ற மாடிஃபையரைச் சேர்த்தால் தட்டை முகங்கள் மீண்டும் தட்டையாகத் தெரியும்.

பிறரிடமிருந்து வந்த ஸ்டெப் கோப்பில் (கேட் மென்பொருள்களுக்கிடையே மாதிரியைப் பரிமாறும் வடிவம்) ஃபில்லட் போட முடியாமல் பிழை வருவதும் உண்டு. அப்போது பிளெண்டரில் மெட்டீரியலில் (பொருளின் மேற்பரப்பை வரையறுக்கும் அமைப்பில்) பெவெல் என்ற நோடை, அதாவது இணைப்புக் கட்டத்தைச் சேர்த்து, ஆரத்தை 0.0003 மீ. எனக் கொடுத்து, மெட்டீரியலின் முதன்மை நோடான பிரின்சிபிள்டு பிஎஸ்டிஎஃப்-இன் நார்மல் முனையில் இணைத்துவிடுங்கள். வடிவம் மாறாமல் விளிம்பு மட்டும் மழுங்கியதுபோல ஒளியைப் பிடிக்கும். இது பிளெண்டரின் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் எஞ்சினில் மட்டுமே இயங்கும்.

படி 4: மெட்டீரியல்

அலுமினியத்துக்கு மெட்டாலிக் (உலோகத்தன்மை) 1, ரஃப்னஸ் (சொரசொரப்பு) 0.35, நிறம் வெண்மையை ஒட்டிய மிக வெளிர் சாம்பல். போல்ட்டுக்கு மெட்டாலிக் 1, ரஃப்னஸ் 0.3, நிறம் அடர் சாம்பல். நாப்புக்கு மெட்டாலிக் 0, ரஃப்னஸ் 0.45, அதன் நிறத்தை முழுக் கறுப்பாக வைக்காதீர்கள், ஏனெனில் உண்மையான கறுப்பு பிளாஸ்டிக்கும் சிறிதளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. மெட்டாலிக் மதிப்பை 0.5 போன்ற நடுநிலையில் வைப்பதும் தவறு; ஒரு பொருள் உலோகமாக இருக்கும் அல்லது இருக்காது.

ரஃப்னஸ் பரப்பு முழுவதும் ஒரே எண்ணாக இருந்தால் பாகம் வார்னிஷ் பூசியதுபோலத் தோன்றும். நாய்ஸ் டெக்ஸ்சரை (ஒழுங்கற்ற ஏற்ற இறக்க வடிவத்தை), மதிப்புகளின் எல்லையை வரையறுக்கும் கலர் ராம்ப் நோடு வழியாக அனுப்பி, ரஃப்னஸ் 0.30-க்கும் 0.40-க்கும் இடையே மெதுவாக ஏறி இறங்கும்படி செய்யுங்கள். துலக்கிய அலுமினியம் வேண்டுமென்றால் அதே நாய்ஸை மேப்பிங் நோடின் மூலம் ஒரு திசையில் மட்டும் நீட்டினால் போதும். இணையத்தில் கிடைக்கும் கீறல் படங்களை அள்ளிப் பூசுவதை நான் பரிந்துரைப்பதில்லை. புதிதாகத் தயாராகும் பாகத்தில் பத்தாண்டு தேய்மானம் இருக்க வாய்ப்பில்லை.

படி 5: ஒளியமைப்பு

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். ஐகியா நிறுவனம் 2006-ஆம் ஆண்டளவில் தன் பொருள் பட்டியலில் கணினியில் உருவாக்கிய படங்களைச் சேர்க்கத் தொடங்கியது. பின்னர் தன் முப்பரிமாணக் கலைஞர்களைப் புகைப்படக் கலையும், புகைப்படக் கலைஞர்களை முப்பரிமாணமும் கற்கவைத்தது. படங்களின் தரம் உயர அது பெரிதும் உதவியது. மென்பொருளைவிட ஒளியைப் பற்றிய அறிவே இங்கு முதன்மையானது.

உலோகத்துக்கெனத் தனித்த தோற்றம் கிடையாது. அது தன்னைச் சுற்றி இருப்பதையே காட்டுகிறது. சுற்றிலும் ஒரே சாம்பல் நிற வெளி இருந்தால், எவ்வளவு சரியான மதிப்புகளைக் கொடுத்தாலும் அலுமினியம் சாம்பல் பெயின்ட் அடித்த மரமாகவே தெரியும். ஆகவே பாகத்தின் இடப்புறம் மேலே, அரை மீட்டர் தொலைவில், 30 செ.மீ. அகலமுள்ள ஏரியா லைட் (பலகைபோன்ற பரப்பிலிருந்து ஒளிரும் விளக்கு) ஒன்றை வையுங்கள். வலப்புறம் ஒரு வெள்ளைப் பலகையை நிறுத்தினால் நிழல் பக்கம் சற்றே வெளிச்சம் பெறும். கேமராவுக்குத் தெரியாத இடத்தில் ஒரு கறுப்புப் பலகையையும் நிறுத்துங்கள். அதன் பிரதிபலிப்பு உலோகத்தின்மீது இருண்ட பட்டையாக விழும்போதுதான் வளைவின் வடிவம் தெளிவாகும். புகைப்படக் கூடங்களில் பாத்திரங்களையும் கைக்கடிகாரங்களையும் எடுப்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

விளக்கின் வலிமை புதியவர்களைக் குழப்பும். பிளெண்டரின் தொடக்கக் காட்சியில் இருக்கும் விளக்கு 1000 வாட். அது ஏறத்தாழ 7 மீட்டர் தொலைவில் இருக்கிறது. நம் விளக்கோ அரை மீட்டரில், அதாவது 14 மடங்கு அருகில். ஒளியின் செறிவு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், ஏறக்குறைய 200-இல் ஒரு பங்கு, அதாவது 5 வாட் கொடுத்துத் தொடங்கலாம். இவற்றுடன் பாலி ஹேவன் தளத்தில் எந்த உரிமக் கட்டுப்பாடுமின்றிக் கிடைக்கும் உள்ளரங்க எச்டிஆர்ஐ (சுற்றுப்புற ஒளியைப் பதிந்த படம்) ஒன்றை 0.3 வலிமையில் சேர்த்தால் பிரதிபலிப்புகளில் உயிர் வரும். பின்னணிக்கு, தரையும் சுவரும் வளைவாக இணையும் ஒரு பரப்பு போதும்.

படி 6: கேமராவும் ரெண்டரும்

குவியத் தூரத்தை 85 மி.மீ. ஆக்கி, கேமராவை 40 செ.மீ. தொலைவில் வையுங்கள், ஏறத்தாழ 17 செ.மீ. அகலமுள்ள பகுதி சட்டத்துக்குள் வரும். குறைந்த குவியத் தூரத்துடன் மிக அருகில் சென்றால் பாகத்தின் முன்பகுதி வீங்கித் தெரியும். டெப்த் ஆஃப் ஃபீல்டை (குவிய ஆழத்தை) இயக்கி, எஃப்-ஸ்டாப்பை (லென்ஸ் துளையின் அளவை) 8 அல்லது 11 என வைத்து, முன்னால் உள்ள போல்ட்டின் தலையைக் குவிமையமாகக் கொடுங்கள்.

ரெண்டர் எஞ்சின் சைக்கிள்ஸ். சாம்பிள் எண்ணிக்கை (ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஒளியைக் கணக்கிடும் தடவைகள்) 512. டீநாய்ஸ் (புள்ளிகளை நீக்கும் வசதி) இயக்கத்தில் இருக்கட்டும். சாம்பிளைப் பல ஆயிரமாக உயர்த்துவதால் புள்ளிகள் குறையுமே தவிர, தவறான ஒளியமைப்பு சரியாகிவிடாது. கணக்கிட்ட ஒளியைத் திரை நிறங்களாக மாற்றும் வியூ டிரான்ஸ்ஃபார்ம் இயல்பாக ஏஜிஎக்ஸ் என்று இருக்கும். அது நிறங்களைச் சற்று மங்கச் செய்யும். நிறுவனத்தின் நிறம் துல்லியமாக வர வேண்டிய பாகமானால், 4.2 பதிப்பில் சேர்க்கப்பட்ட க்ரோனோஸ் பிபிஆர் நியூட்ரலைத் தேர்ந்தெடுங்கள். படத்தை 16 பிட் பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். 8 பிட்டில் சேமித்துப் பிறகு திருத்தினால் பின்னணியின் மென்மையான நிறமாற்றம் பட்டை பட்டையாக உடையும்.

படி 7: கிம்ப்பில் மெருகேற்றல்

திருத்தத்துக்கு முன் ஒரு வரையறை தேவை. பாகம் தரையில் பதியாமல் மிதப்பதுபோலத் தெரிந்தாலோ, நிழல் தவறான பக்கம் விழுந்தாலோ பிளெண்டருக்கே திரும்புங்கள். தூரிகையால் வரைந்த நிழல் எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். அதுபோலவே, வார்ப்பில் வரப்போகும் இணைப்புக் கோட்டைப் படத்திலிருந்து அழிப்பதும் கூடாது. பொருள் கைக்கு வரும்போது வாடிக்கையாளர் கேட்பார்.

முதலில் வெளிச்சத்தைச் சரிசெய்யும் கர்வ்ஸ் கருவியில் மிக மெல்லிய எஸ் வடிவ வளைவு கொடுத்து, ஏஜிஎக்ஸ் குறைத்த மாறுபாட்டை மீட்டெடுங்கள். கிம்ப் 3.0-இல் வடிப்பான்களைப் பிறகு மாற்றிக்கொள்ளும் வகையில் லேயரோடு (படத்தின் அடுக்கோடு) வைத்திருக்கலாம் என்பதால், அசல் படத்தைக் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சம் தேவையில்லை.

அடுத்து புதிய லேயர் ஒன்றை 808080 என்ற நடுச் சாம்பலால் நிரப்பி, அதன் முறையை சாஃப்ட் லைட் ஆக்குங்கள். படத்தில் மாற்றம் எதுவும் தெரியாது. இப்போது மென்மையான தூரிகையை 5 முதல் 10 விழுக்காடு அடர்த்தியில் வைத்து, அந்த லேயரில் வெள்ளை தீட்டினால் அந்த இடம் ஒளிரும், கறுப்பு தீட்டினால் இருளும். பார்வை நாப்பிலும் முன் போல்ட்டிலும் நிற்க வேண்டும் என்றால் அவற்றின் விளிம்பு மின்னலை லேசாக உயர்த்தி, பிராக்கெட்டின் பின் மூலையைச் சற்று அடக்கினால் போதும்.

டீநாய்ஸ் செய்த ரெண்டர் இயற்கைக்கு மாறான தூய்மையுடன் இருக்கும். எந்தக் கேமராவும் அப்படிப் படம் எடுப்பதில்லை. ஆர்ஜிபி நாய்ஸ் வடிப்பானை மிகக் குறைந்த அளவில், மூன்று நிறங்களுக்கும் பொதுவாக இருக்கும்படி கொடுத்தால் அந்தக் குறை நீங்கும். உலோகத்தின் மிக வெளிச்சமான புள்ளிகளைச் சுற்றி ஒளிவட்டம் தரும் ப்ளூம் வடிப்பானையும் சிறிதளவு சேர்க்கலாம். வடிப்பானை அணைத்துப் பார்க்கும்போது மட்டுமே வேறுபாடு தெரிய வேண்டும்; போட்டவுடனே கண்ணில் பட்டால் அளவைப் பாதியாகக் குறையுங்கள்.

படத்தைத் தேவையான அகலத்துக்குச் சுருக்கிய பிறகே கூர்மைப்படுத்துங்கள்: அன்ஷார்ப் மாஸ்க், ஆரம் 1, அளவு 0.3. லேயர்களுடன் கூடிய எக்ஸ்சிஎஃப் கோப்பைத் தனியே சேமித்துக்கொண்டு, எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் 90 தரத்தில் ஜேபெக் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது மீண்டும் சுருக்கப்பட்டு, நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த 0.3 மி.மீ. விளிம்பு மின்னல்தான் முதலில் காணாமல் போகும்.