வைஃபையை வைத்து ஆள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கட்டடத்துக்குள் நுழைந்ததும் ஜிபிஎஸ் தடுமாற ஆரம்பிக்கும். செயற்கைக்கோளிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைக் கூரையும் சுவரும் விழுங்கிவிடும். அதனால், ஏற்கெனவே உள்ளே இருக்கிற வைஃபையையே துணைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் போனுடன் நின்று, எந்தெந்த ரவுட்டர் எவ்வளவு பலத்தில் கிடைக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். அந்த எண்வரிசைதான் அந்த இடத்தின் கைரேகை. 2000-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ராடார் என்ற முறை, புதிதாக வரும் பதிவை எந்தப் பழைய பதிவு நெருக்கமாக ஒத்திருக்கிறது என்று தேடியது. இன்று அந்த வேலையை, பழைய பதிவுகளைப் பார்த்துப் பயிற்சி பெறும் கணினி நிரலான நியூரல் நெட்வொர்க்கிடம் கொடுக்கிறோம்.

கொடுக்கும்போதுதான் பிசகுகிறது. ஸ்பெயினின் ஒரு பல்கலைக்கழகத்தில் 3 கட்டடங்களில் திரட்டி 2014-இல் வெளியிட்ட யுஜேஐ இண்டோர்லாக் தரவைப் பலரும் பயிற்சிக்கு எடுப்பார்கள். ஒரு வரி என்பது ஒரு பதிவு; அதில் ரவுட்டருக்கு ஒன்றாக 520 சிக்னல் பல எண்கள். மைனஸ் 60 என்றால் நல்ல சிக்னல், மைனஸ் 95 என்றால் தேய்ந்துபோன சிக்னல். ஆனால் வரியில் பெரும்பாலான கட்டங்களில் 100 என்றிருக்கும். அந்த ரவுட்டர் கிடைக்கவே இல்லை என்பதற்கான குறி அது. அதை மாற்றாமல் அப்படியே ஊட்டினால், இல்லாத ரவுட்டர்தான் எல்லாவற்றையும்விட பலமானது என்று நெட்வொர்க் எடுத்துக்கொள்ளும். முதல் வேலையாக அதை மைனஸ் 105 போல, இருப்பதிலேயே குறைந்த எண்ணாக மாற்றுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, தரவைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டு, ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்குவது. ஒரே இடத்தில், ஒரே போனில், சில நொடி இடைவெளியில் எடுத்த பதிவுகள் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். ஒன்று பயிற்சியிலும் மற்றொன்று சோதனையிலும் விழுந்தால், வீட்டுப்பாடத்தில் போட்ட கணக்கே பரீட்சையிலும் வந்த கதைதான். மதிப்பெண் அள்ளும், ஆனால் மனப்பாடம். அந்த ஸ்பெயின் தரவில் சோதனைப் பதிவுகளைப் பயிற்சிப் பதிவுகளுக்கு 4 மாதம் கழித்துத் தனியாக எடுத்தார்கள். அதுதான் நேர்மையான பரீட்சை. அதற்குள் ரவுட்டர் இடம் மாறியிருக்கலாம், புது அலமாரி வந்திருக்கலாம். நீங்களும் வேறு நாளில், முடிந்தால் வேறு ஆளை வைத்துச் சோதியுங்கள்.

போனும் வேறாக இருக்கட்டும். ஆன்டெனா மாறினால் ஒரே இடத்திலேயே எண்கள் மாறும். இவ்வளவு ஏன், ரவுட்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாலே மாறும். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்; 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாக உறிஞ்சும். எனவே பதிவெடுக்கும்போது நாலு பக்கமும் திரும்பி நின்று எடுங்கள்.

அப்புறம் இந்தச் சராசரிப் பிழை. "சராசரியாக இத்தனை மீட்டர்தான் பிசகுகிறது" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். ஒரு தளத்துக்கும் அடுத்ததற்கும் உயரம் ஏறக்குறைய 3 மீட்டர்தான். புகை மூண்ட கட்டடத்தில் மூன்றாம் மாடியில் சிக்கியவரை இரண்டாம் மாடி என்று காட்டினால், மீட்க வந்தவர்கள் தப்பான கதவைத்தான் உடைப்பார்கள். தளத்தைத் தனியாகக் கணிக்கச் சொல்லுங்கள். எத்தனை முறை தளம் தவறியது, மிக மோசமான பிழை எவ்வளவு என்பதையும் சராசரிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.