களவு போன நகை, நஷ்டஈடு: கோர்ட்டில் எதை எப்போது கேட்பது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் களவு போவது புதிதல்ல. கள்ளன் பிடிபட்டு நகை கிடைத்த பிறகும், கேஸ் முடிந்தால் தானாகத் தருவார்கள் என்று எங்கள் தெரு ஆச்சி ஒருவர் வருடக்கணக்கில் காத்திருந்தார். அப்படிக் காத்திருக்கத் தேவையே இல்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். மீட்ட பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளுக்குள் அதன் விவரப் பட்டியல் தயாராக வேண்டும், போட்டோவும் தேவைப்பட்டால் வீடியோவும் எடுக்க வேண்டும், பட்டியல் தயாரான 30 நாளுக்குள் பொருளை யாரிடம் ஒப்படைப்பது என்று உத்தரவு வர வேண்டும். அந்தப் பட்டியலும் போட்டோவுமே விசாரணையில் சாட்சியமாகிவிடும், அதனால் நகை அங்கேயே கிடக்க வேண்டியதில்லை.

ஆனாலும் நகையைத் திருப்பிக் கேட்டு நீங்கள் கோர்ட்டில் மனுப் போடுங்கள். எஃப்.ஐ.ஆர் நகலும் பில்லும் வையுங்கள். பாட்டி காலத்துக் கழுத்திருவுக்கு (செட்டிநாட்டுத் தாலி நகை) பில்லுக்கு எங்கே போவது? கல்யாணத்தில் அதைப் போட்டிருக்கும் போட்டோ உதவும், அதைவிடப் புகாரிலேயே எடை, அடையாளம், எத்தனை உருப்படி என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. விற்க மாட்டேன், கேட்கும்போது கொண்டுவருவேன் என்று பத்திரம் எழுதிக் கொடுக்கக் கோர்ட் சொல்லலாம், கொடுத்துவிடுங்கள்.

சரி, நகை கிடைக்கவில்லை, அல்லது ஆள் அடிபட்டுவிட்டார் என்றால்? அதே சட்டத்தின் 395ஆம் பிரிவின்படி நஷ்டஈட்டுக்கு உத்தரவு தீர்ப்போடுதான் வரும், ஆகவே அதற்கு முன்பே ஆஸ்பத்திரி பில், சம்பள இழப்பு எல்லாவற்றையும் அரசு வக்கீலிடம் எழுத்தில் கொடுங்கள். ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இதைக் கோர்ட் பரிசீலித்தே ஆக வேண்டும் என்று 2013இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அபராதத்திலிருந்து தரும் பணம் மட்டும் அப்பீல் காலம் முடியும்வரை கைக்கு வராது. தொகை போதாவிட்டால் 413இன்படி நீங்களே அப்பீல் போகலாம்.

குற்றவாளி யாரென்றே தெரியாமல் விசாரணையே நடக்காவிட்டாலும், காயமோ உயிரிழப்போ நடந்திருந்தால் சிவகங்கையில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் 396இன்படி விண்ணப்பிக்கலாம். அவர்கள் 2 மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100க்கு அழைத்துக் கேளுங்கள். விண்ணப்பம் கொடுத்ததும் தேதி முத்திரை போட்ட நகலைக் கையில் வாங்காமல் வந்துவிடாதீர்கள், அந்த 2 மாதத்தை நீங்கள் எண்ண வேண்டியது அந்தத் தேதியிலிருந்துதான்.