பந்து காலோடு ஒட்டி வர: சிறுவர்களுக்கான கால்பந்துப் பயிற்சிகள்

பத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஒருவன் மட்டும் கோன்களுக்கு நடுவே பந்தை உருட்டிக்கொண்டு போவான். சிறுவர் பயிற்சியில் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்த்தால்தான். பந்து காலில் எத்தனை தடவை படுகிறதோ அந்த அளவுக்குத்தான் கட்டுப்பாடு வரும். வரிசையில் நிற்பவன் காலில் என்ன படும்? அதனால் நான் பயிற்சி தரும்போது ஆளுக்கொரு பந்து கட்டாயம்.

பந்தின் அளவும் முக்கியம். எட்டு வயதுக்குள் என்றால் 3-ஆம் எண் பந்து, 8 முதல் 12 வரை 4-ஆம் எண், அதற்கு மேல் 5. பெரியவர்கள் ஆடும் 5-ஆம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. ஏழு வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்தால் அவன் தொடக் கற்றுக்கொள்ள மாட்டான், உதைக்கத்தான் கற்றுக்கொள்வான். காற்றையும் கல் மாதிரி அடித்து வைக்காதீர்கள்.

ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே போதும். பந்தின் தலையில் முன்பாதத்தால் மாறி மாறித் தொடுவது, இரண்டு உள்பாதங்களுக்கும் நடுவே தட்டிக்கொண்டே இருப்பது, பாதத்தின் அடியால் பக்கவாட்டில் உருட்டுவது. முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், குதிகால் தரையில் அழுந்தக் கூடாது.

அப்புறம் சுவர். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல கோச் கிடையாது. மூன்று மீட்டர் தள்ளி நின்று உள்பாதத்தால் சுவரில் அடிக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும் பந்தை அப்படியே நிறுத்தக் கூடாது. முதல் தொடுதலிலேயே அரை மீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி, இரண்டாவது தொடுதலில் மறுபடி சுவருக்கு அனுப்ப வேண்டும். ஆட்டத்தில் பந்தைக் காலடியில் நிறுத்துபவனிடம் எதிராளி வந்துவிடுவான். நகர்த்துபவனுக்கு ஒரு நொடி கூடுதலாகக் கிடைக்கும்.

பந்து துள்ளி ஓடுகிறதா? பாதத்தைப் பாருங்கள். தரையோடு ஒட்டி இருந்தால் பந்து மேலேறிக் குதிக்கும், அதிகம் உயர்த்தினால் அடியில் நழுவும். பந்தின் நடுப்பகுதி உள்பாதத்தில் படுகிற உயரம்தான் சரி. பட்ட கணத்தில் காலைக் கொஞ்சம் பின்னால் விட வேண்டும். கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுப்போமே, அதேதான். வலது காலில் சரியாக வந்ததும் இடது காலுக்கு மாற்றுங்கள். இடது காலில் தட்டுத்தடுமாறும்போது முகத்தைச் சுளிப்பார்கள். அதைக் கண்டுகொள்ளாதீர்கள். பந்து அடங்க ஆரம்பித்ததும் தூரத்தை ஐந்து, ஆறு மீட்டராக்கலாம்.

ட்ரிபிளிங்குக்கு, அதாவது பந்தைக் காலோடு தட்டிக்கொண்டே ஓடுவதற்கு, கோன்களை நேர்கோட்டில் நட்டு வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோன் அசையாது, ஆளோ அசைவான். 15 மீட்டர் சதுரம் போட்டு, உள்ளே இரண்டிரண்டு கோன்களாக நட்டு, ஒரு மீட்டர் அகலத்தில் ஏழெட்டு வாசல்கள் வையுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பந்தோடு நுழையட்டும். ஒரு நிமிடத்தில் யார் அதிக வாசல்களைக் கடக்கிறார்கள் என்று எண்ணட்டும். ஒரே வாசலில் அடுத்தடுத்துப் போனால் கணக்கில் வராது. மற்றவர்கள் மேல் முட்டாமல் இருக்கவே தலை நிமிர்ந்துவிடும். போதாவிட்டால், நடுவில் நின்று விரல்களைக் காட்டுங்கள், எண்ணிக்கையை ஓடிக்கொண்டே கத்தச் சொல்லுங்கள்.

அதே சதுரத்தில், தன் பந்தைக் காத்துக்கொண்டே அடுத்தவன் பந்தை வெளியே தட்டிவிடும் விளையாட்டையும் வைக்கலாம். இதில் பந்தை இழந்தவனை வெளியே உட்கார வைப்பதுதான் வழக்கம். நான் அதை ஏற்க மாட்டேன். முதலில் வெளியே வருபவனுக்குத்தானே பயிற்சி அதிகம் தேவை? ஓரமாகப் பந்தின் மேல் இருபது தடவை தொட்டுவிட்டு உடனே உள்ளே வரட்டும்.

கொஞ்சம் தேறியவர்களுக்கு க்ரைஃப் திருப்பத்தைக் காட்டுங்கள். 1974 உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராக நெதர்லாந்தின் யோஹான் க்ரைஃப் செய்தது. பாஸ் கொடுப்பது போல் காலை வீசி, உதைக்காமல் உள்பாதத்தால் பந்தை ஊன்றிய காலின் பின்னால் இழுத்துத் திரும்ப வேண்டும். வீசும் கால் பொய்யாகத் தெரிந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள்; அங்கேதான் பழக்கம் வேண்டும்.

பந்தைக் கீழே விழவிடாமல் காலால் தட்டிக்கொண்டே இருக்கும் ஜக்ளிங்? வீட்டில் செய்யட்டும். தொடங்கும்போது ஒவ்வொரு தொடுதலுக்கும் நடுவே பந்து ஒருமுறை தரையில் குதிக்கலாம்.

கடைசிக் கால் மணி நேரம் மூன்றுக்கு மூன்று ஆட்டம், சின்ன மைதானம், கோல்கீப்பர் வேண்டாம். அந்த நேரத்தில் ஓரத்திலிருந்து "பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு" என்று கத்தாதீர்கள். பந்தை வைத்துக்கொண்டு இருவரைத் தாண்டப் பார்க்கிறானா, பார்க்கட்டும்.