நல்லதுக்குத்தானே பொய் சொன்னோம்? யூத முதியவர்களைப் பராமரிக்கப் போகும் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

ரொறன்ரோவில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் பலர் ஸ்காபரோவில் பஸ் ஏறி பாதர்ஸ்ட் வீதிப் பக்கம் போகிறார்கள். அங்கே யூதக் குடும்பங்கள் அதிகம். ஹிட்லர் காலத்து இனப்படுகொலையில் தப்பிப் பிழைத்து, போருக்குப் பிறகு கனடா வந்து சேர்ந்தவர்கள் இன்று தொண்ணூறை ஒட்டிய வயதில் அந்த அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். புதிதாக வரும் பிஎஸ்டபிள்யூக்களை, அதாவது பராமரிப்பு உதவியாளர்களை, கூட்டிப்போய்ப் பழக்குவது என் வேலைகளில் ஒன்று. எங்கள் காலத்தில் நடந்த அதே பிழைகளை இவர்களும் வரிசை தவறாமல் செய்கிறார்கள்.

ஷவரைத் திடீரென்று திறக்காதே, தலையணைக்கடியில் இருக்கும் பாணை எடுத்து எறியாதே, சீருடைக்காரர் வந்தால் முன்கூட்டியே சொல் என்பதெல்லாம் வகுப்பிலேயே சொல்லித்தருகிறார்கள். சரி, அவற்றை விடுவோம்.

எல்லோரும் அவுஷ்விட்ஸில் இருந்தவர்கள் என்று நினைப்பது

"அக்கா, அவவின் கையில் நம்பர் இல்லையே, அப்படியென்றால் அவ முகாமில் இருக்கவில்லையா?" என்று ஒரு பிள்ளை கேட்டது, அதுவும் அந்த அம்மாவின் காதில் விழும்படி. கையில் எண்ணைப் பச்சை குத்தியது போலந்தில் நாஜிகள் நடத்திய அவுஷ்விட்ஸ் முகாம் தொகுதியில் மட்டும்தான். அங்கும், வந்திறங்கிய உடனேயே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எண் கிடையாது.

ஜெர்மனியிடம் பேசி இழப்பீடு பெற்றுத்தரும் கிளைம்ஸ் கான்பரன்ஸ் அமைப்பு 2024 ஜனவரியில் ஒரு கணக்கு வெளியிட்டது. அந்தப் படுகொலையில் தப்பிய யூதர்கள் உலகம் முழுவதும் சுமார் 2,45,000 பேர் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களின் நடு வயது 86 என்றது. அதாவது 1945-இல் போர் முடிந்தபோது இவர்களில் பாதிப்பேர் ஏழெட்டு வயதைத் தாண்டாத பிள்ளைகள். கன்னியர் மடத்திலோ விவசாயி வீட்டுப் பரணிலோ கிறிஸ்தவப் பெயரோடு ஒளித்து வைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உக்ரைனிலிருந்தும் பெலருசிலிருந்தும் ரயிலேறி உஸ்பெகிஸ்தான் வரை ஓடிப்போய் அங்கே பட்டினி கிடந்தவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் ரஷ்ய மொழிதான் பேசுவார்கள். இவர்களிடம் கேட்டால் "நான் பெரிதாக ஒன்றும் அனுபவிக்கவில்லை" என்பார்கள். அதை நம்பிவிடாதீர்கள். சத்தம் போடாதே, உன் உண்மைப் பெயரைச் சொல்லாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை எண்பத்தேழு வயதிலும் வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லாது. மருந்து நேரத்தில் முகத்தைப் பார்த்துத்தான் வலியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"ஸ்வீட்டி", "பேபி"

வேண்டாம். மிஸ்டர், மிஸஸ் போட்டுக் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள். அவர்களாக முதற்பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் அப்புறம் பார்க்கலாம்.

நல்லதுக்கென்று பொய் சொல்வது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் தருவது. நம்மவர்களுக்கு இது தவறாகவே தெரிவதில்லை. வயதானவரிடம் எதையும் நேராகச் சொல்லாமல் சமாளிப்பதைப் பாசம் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாம். தாத்தாவுக்குப் புற்றுநோய் என்றால் தாத்தாவைத் தவிர ஊருக்கே தெரிந்திருக்கும். அந்தப் பழக்கத்தோடு அப்படியே இந்த வீடுகளுக்குள் போகிறோம்.

நான் பார்த்த ஒன்று. செக் நாட்டில் பிறந்த ஒரு அம்மா. தனியாக இருக்க முடியாத நிலை வந்துவிட்டது, பராமரிப்பு இல்லத்தில் இடமும் கிடைத்துவிட்டது. மகளுக்குச் சொல்லப் பயம். நம் பிள்ளை ஒன்று, வேலைக்கு வந்து அதிகக் காலமில்லை, மகளுக்கு யோசனை சொன்னது: "கண் டாக்டரிடம் போகிறோம் என்று சொல்லுங்கள், நான் பெட்டியை முதல் நாளே கட்டி உங்கள் காரில் வைத்துவிடுகிறேன்." அப்படியே நடந்தது. இல்லத்து வாசலில் பெட்டி காரிலிருந்து இறங்கியபோது அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, அழவுமில்லை. நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எல்லோரும் மூச்சுவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் கோட்டைக் கழற்றவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி நாற்காலியிலேயே தூங்கினார். அங்கிருந்த யார் கொடுத்தாலும் மாத்திரை வாங்கவில்லை. மகளோடு அவர் மறுபடி பேச மாதக்கணக்கானது.

எங்கே பிழைத்தது என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கவேயில்லை. வரலாறு தெரிந்திருந்தால் விளங்கியிருக்கும். அந்தப் படுகொலை துப்பாக்கியால் மட்டும் நடக்கவில்லை, பொய்யாலும் நடந்தது. 1942 முதல் ஜெர்மனியின் யூத முதியவர்களைச் செக் மண்ணில் இருந்த தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் பலரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள்: சொத்தைக் கொடுங்கள், சாகும்வரை அங்கே தங்குமிடமும் உணவும் மருத்துவமும் உண்டு என்று. முதியோர் இல்லம் என்ற பெயரில் காசு வாங்கிக்கொண்டு அனுப்பிய இடத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பசியிலும் நோயிலும் இறந்தார்கள். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அங்கிருந்து கிழக்கே கொலைக்கூடங்களுக்கும், யூதர்களை அடைத்துவைத்த கெட்டோக்களுக்கும் ரயிலேற்றினார்கள். 1944-இல் ஹங்கேரியிலிருந்து அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுபோனவர்களில் சிலரை, வால்ட்சே என்ற ஊரில் நலமாக இருக்கிறோம் என்று வீட்டுக்குத் தபாலட்டை எழுத வைத்தார்கள். பெட்டியில் பெயரெழுதச் சொன்னார்கள், குளித்துவிட்டு வந்து உடுப்பை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். இவ்வளவையும் கடந்து வந்தவரிடம் சிரித்த முகத்தோடு "சும்மா டாக்டரிடம் போய் வருவோம்" என்றால், மறைத்து வைத்த பெட்டியைக் கண்டதும் அவர் என்ன நினைப்பார்?

நேராகச் சொன்னால் சண்டை வரும், கத்துவார்கள், ஒரு வாரம் முகம் கொடுக்க மாட்டார்கள். வரட்டும். அந்தச் சண்டை பின்னால் வருவதைவிட மலிவு. இடம் மாற்றுவதென்றால் முன்கூட்டியே நாளைச் சொல்லுங்கள். அந்த இல்லத்துக்கு இரண்டு மூன்று தடவை சும்மா கூட்டிப்போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பக் கூட்டிவாருங்கள். போன இடத்திலிருந்து திரும்பி வரலாம் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். பெட்டியை அவர் கண்முன்னே, அவர் சொல்கிற மாதிரிக் கட்டுங்கள். என்ன பைத்தியக்காரத்தனமான பொருளைச் சொன்னாலும் வையுங்கள். கோட், கைப்பை, அடையாள அட்டை மூன்றும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வாசல் எந்தப் பக்கம் என்று காட்டுங்கள்.

சின்னப் பொய்களும் இதில் அடக்கம். நாளைக்கு ஷிஃப்ட் மாறிப்போகும் என்று தெரிந்துகொண்டே "நாளை வருகிறேன்" என்று சொல்லிப் போகாதீர்கள். பெற்றோர் "வந்துவிடுவோம்" என்று விட்டுப்போய் வராதவர்களின் வீடு அது. நாளை வருபவரின் பெயரையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள்.

மறதி நோய் வந்தவர்கள் விஷயம் வேறு. "அம்மா எங்கே?" என்று கேட்பவரிடம் ஒவ்வொரு முறையும் "அம்மாவைக் கொன்றுவிட்டார்கள்" என்று சொல்வது உண்மையல்ல, கொடுமை. அதற்காக "இதோ வந்துகொண்டிருக்கிறார்" என்றும் சொல்லாதீர்கள், வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். "அம்மாவைத் தேடுதா? அவ எப்படிச் சமைப்பா?" என்று கேளுங்கள். பொய்யும் வேண்டாம், செய்தியும் வேண்டாம். பதில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷிலோ, போலிஷிலோ வரலாம். பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம்தான் பெரும்பாலும் முதலில் போகிறது. விளங்காவிட்டாலும் உட்கார்ந்து கேளுங்கள்.

"எங்களுக்கும் இப்படித்தான்"

முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த பிள்ளைகள் இதைச் சொல்லும்போது எனக்குத் திட்ட மனம் வருவதில்லை. ஆனாலும் அவர் தன் தங்கையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கும்போது நீங்கள் உங்கள் அண்ணனைக் கொண்டுவந்து வைத்தால், அவர் நிறுத்திவிட்டு உங்களைத் தேற்றத் தொடங்கிவிடுவார். வேலை தலைகீழாகிவிடும். அவராக "உன் ஊரில் என்ன நடந்தது?" என்று கேட்டால் சொல்லுங்கள். சிலர் கேட்பார்கள்.

கதை கேட்பது

கேட்காதீர்கள். அவர்களாகத் தொடங்கினால் பாத்திரம் கழுவ எழுந்து போகாதீர்கள்.

மெழுகுவர்த்தியை அணைப்பது

இறந்தவர் நினைவு நாளில் யூத வீடுகளில் ஒரு நாள் முழுக்க எரியும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். தீ விபத்துக்குப் பயந்து நம் பிள்ளைகள் ஊதி அணைத்துவிடுகிறார்கள். உலோகத் தட்டில் வைத்துக் கழுவுதொட்டிக்குள் இறக்கி வையுங்கள், போதும். பலருக்குத் தாய் தகப்பன் இறந்த தேதியே தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்காக இஸ்ரேலின் தலைமை ரபி (யூத மதகுரு) பீடம் யூத நாட்காட்டியின் தேவேத் மாதம் பத்தாம் நாளைப் பொது நாளாக வைத்திருக்கிறது. பெரும்பாலும் டிசம்பரிலோ ஜனவரித் தொடக்கத்திலோ வரும். அந்த வீட்டில் எந்த நாள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மகளைக் குறை சொல்வது

"பெற்ற தாயை இப்படி விடலாமா" என்று தேநீர் இடைவேளையில் பேசுகிறீர்கள். கொல்லப்பட்ட பாட்டியின் பெயரைச் சுமந்துகொண்டு, அம்மாவுக்கு மேலும் ஒரு கவலை கொடுக்கக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே வாயை மூடிக்கொண்டு வளர்ந்த பெண் அவள். மேலே சொன்ன கண் டாக்டர் பொய்க்குச் சம்மதித்ததும் அதனால்தான். தொலைபேசியில் உங்களிடம் எரிந்து விழுந்தால் பதிலுக்கு விழாதீர்கள். அம்மா இன்று என்ன சாப்பிட்டார், எதற்குச் சிரித்தார் என்று தினமும் இரண்டு வரி அனுப்புங்கள்.

தனியாக இருக்கிறாரே என்று எந்தக் கூட்டத்துக்கும் கூட்டிப்போவது

பிங்கோ மண்டபத்தில் உட்கார வைத்தால் தனிமை போகாது. தப்பிப் பிழைத்தவர்கள் மட்டும் கூடும் சந்திப்புகள் பல நகரங்களில் கஃபே யூரோப்பா என்ற பெயரில் நடக்கின்றன. போருக்குப் பின் ஸ்டாக்ஹோமில் உயிர் தப்பியவர்கள் உறவுகளைத் தேடிக் கூடிய ஒரு கஃபேயின் பெயர் அது. இசை, கேக், வம்பு, அரசியல் சண்டை எல்லாம் இருக்கும். பழையதைப் பேசியே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். அங்கே நீங்கள் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு ஊட்டிவிடாதீர்கள், சுவரோரம் போய் உட்காருங்கள். திரும்பி வர வீல்-ட்ரான்ஸ் வண்டியை (நடமாடச் சிரமப்படுபவர்களுக்கான நகரப் போக்குவரத்து வண்டி) நிகழ்ச்சி முடியும் நேரத்துக்குப் பதியாமல் அரை மணி தள்ளிப் பதியுங்கள். கோட்டைப் போட்டுக்கொண்ட பிறகுதான் அவர்களுக்குப் பேச்சே சூடுபிடிக்கும்.